பாண்டி நோட்டரி முத்திரை, கடலூர் மனை: முன்பணம் கொடுப்பதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

கெடிலக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். ரெட்டிச்சாவடிக்குப் பக்கத்தில் ஐந்தரை சென்ட் மனை ஒன்று பார்த்திருக்கிறோம். நானும் மனைவியும் பதினோரு வருடமாகச் சேர்த்த பணம் அது. உரிமையாளர் சிங்கப்பூரில் வேலை செய்கிறார். விற்க வந்திருப்பவர் அவருடைய பெரியப்பா மகன். "தம்பி எனக்குப் பவர் கொடுத்துவிட்டான், நானே கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்" என்கிறார்.

அவர் காட்டியது மூன்று பக்கப் பவர் பத்திரத்தின் (அவர் சார்பில் செயல்பட இவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) ஜெராக்ஸ். முதல் பக்கம் நூறு ரூபாய்ப் பத்திரத்தாள். ஒவ்வொரு பக்கத்திலும் வட்ட முத்திரை. கடைசிப் பக்கத்தில் வில்லை, நோட்டரி ஸ்டாம்ப், கையெழுத்து, ஒரு வரிசை எண், தேதி எல்லாம் இருக்கின்றன. முத்திரையில் பாண்டிச்சேரி வழக்கறிஞர் ஒருவரின் பெயர். ஆனால் பத்திரத்தின் கடைசி வரியில் "கடலூரில் எழுதிக் கையொப்பமிடப்பட்டது" என்று இருக்கிறது. எனக்கு இந்த இடம்தான் உறுத்துகிறது.

வெள்ளிக்கிழமைக்குள் ஐம்பதாயிரம் முன்பணம் கேட்கிறார். தாமதித்தால் வேறு ஆள் வந்துவிடுவாராம். இந்த நோட்டரி உண்மையானவரா, இந்தப் பத்திரம் உண்மையானதா என்று எங்கே போய்ப் பார்ப்பது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மஞ்சக்குப்பம்_குமாஸ்தா:

தம்பி, முதலில் அந்த வெள்ளிக்கிழமையை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். முப்பத்தெட்டு வருடம் வக்கீல் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தவன் நான். அவசரப்படுத்தும் ஆளிடம் அவசரமாகப் பணம் கொடுத்தவர்கள் பிறகு எங்கள் ஆபீஸ் பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்ததை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் கேட்பது இரண்டு கேள்வி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அந்த வக்கீல் நோட்டரிதானா என்பது ஒன்று. இந்தக் காகிதம் அவர் முன்னால் கையெழுத்தானதா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு "ஆமாம்" என்று பதில் வந்தால் பலரும் அங்கேயே நிம்மதியாகிவிடுகிறார்கள். ஏமாற்றுபவர் இல்லாத நோட்டரி பெயரையா போடுவார்? ஊரில் எல்லோருக்கும் தெரிந்த நோட்டரியின் பெயரைத்தான் போடுவார்.

முதல் கேள்வி. நோட்டரி என்பது வக்கீல்கள் தாங்களாகவே வைத்துக்கொள்ளும் பட்டம் இல்லை. 1952ஆம் வருட நோட்டரிகள் சட்டத்தின்படி அரசாங்கம் நியமிக்க வேண்டும். பொதுவாகப் பத்து வருடம் வக்கீலாக இருந்திருக்க வேண்டும். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கும் ஏழு வருடம். நியமித்த பிறகு பதிவேட்டில் பெயர் ஏற்றி, தொழில் சான்றிதழ் கொடுப்பார்கள். அது ஐந்து வருடத்துக்குத்தான் செல்லும், அப்புறம் புதுப்பிக்க வேண்டும். அதனால் "அவர் நோட்டரிதான், எனக்குத் தெரியும்" என்று யாராவது சொன்னால் போதாது. உங்கள் பத்திரத்தில் இருக்கும் தேதியன்று அவருடைய சான்றிதழ் உயிரோடு இருந்ததா என்று பார்க்க வேண்டும்.

நியமிப்பது இரண்டு அரசாங்கம் என்பதையும் மறக்காதீர்கள். மத்திய அரசும் நியமிக்கும், மாநில அரசும் நியமிக்கும். பாண்டியில் புதுச்சேரி அரசு. ஒரு பட்டியலில் பெயர் இல்லை என்பதற்காகப் போலி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. யார் நியமித்தார்கள் என்பது முத்திரையிலேயே இருக்கும். 1956ஆம் வருட விதிகளின்படி முத்திரை வட்டமாக, 5 சென்டிமீட்டர் குறுக்களவில் இருக்க வேண்டும். அதில் நோட்டரியின் பெயர், அவர் எந்த எல்லைக்கு நியமிக்கப்பட்டார், 'நோட்டரி' என்ற சொல், நியமித்த அரசின் பெயர் ஆகிய நான்கும் இருக்க வேண்டும். உங்கள் காகிதத்தில் அந்த நான்கும் இருக்கிறதா, பார்த்துச் சொல்லுங்கள். வில்லை எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அதை விடுங்கள். விதி கேட்பது அந்த வட்டத்தைத்தான்.

உங்களுக்கு உறுத்திய இடம் சரியான இடம். சான்றிதழில் குறித்த எல்லைக்குள்தான் நோட்டரி வேலை செய்ய முடியும். கடலூர்க்காரர் எல்லையில் உள்ள முள்ளோடையைத் தாண்டிப் பாண்டிக்குப் போய் அங்கே உள்ள நோட்டரி முன் கையெழுத்துப் போடலாம், அதில் தப்பில்லை. ஆனால் பாண்டி எல்லைக்கு மட்டும் நியமிக்கப்பட்டவர் கடலூருக்கு வந்து முத்திரை போட முடியாது. 'கடலூரில் கையொப்பம்' என்று எழுதிவிட்டுக் கீழே பாண்டி முத்திரை என்றால் கேள்வி கேட்டுத்தான் ஆக வேண்டும்.

துறைமுகத்தான்:

ஐயா சொல்வதெல்லாம் சட்டப் புத்தகத்துக்குச் சரி. நடைமுறை வேறு. வாடகை ஒப்பந்தம், கேஸ் இணைப்பு, பள்ளிக்கூடத்துக்குப் பெயர் திருத்தம் என்று நான் பத்துத் தடவையாவது நோட்டரி வாங்கியிருக்கிறேன். ஒரு தடவைகூட நேரில் நிற்கச் சொன்னதில்லை. ஜெராக்ஸ் கடைப் பையன் எடுத்துக்கொண்டு போய் முத்திரையோடு திரும்பி வருவான். எல்லா இடத்திலும் ஏற்றுக்கொண்டார்கள். இதற்கு இவ்வளவு பயப்பட வேண்டுமா?

மஞ்சக்குப்பம்_குமாஸ்தா:

துறைமுகத்தான் தம்பி, உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் இந்தப் பழக்கத்தின் மேல் ரொம்பக் கோபம் உண்டு. நோட்டரி முத்திரையின் பொருளே "இந்த ஆள் என் முன்னால் வந்தார், அவர்தான் இவர் என்று பார்த்துக்கொண்டேன், என் முன்னால் கையெழுத்துப் போட்டார்" என்பதுதான். ஆள் வராமல் போட்ட முத்திரைக்கு என்ன பொருள் இருக்கிறது? உங்கள் கேஸ் இணைப்புக்கு யாரும் கேட்கவில்லை, சரி. அதே ஜெராக்ஸ் கடை வழியாக உங்கள் அப்பா பெயரில் ஒரு பவர் போய் வந்தால்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முத்திரை உள்ளே எழுதியிருப்பது உண்மை என்று சொல்லவில்லை. மனை அவருடையதுதான் என்று நோட்டரி சான்று கொடுப்பதில்லை. கையெழுத்துக்குத்தான் அவர் சாட்சி. இதைப் புரிந்துகொள்ளாமல் "நோட்டரி ஆகிவிட்டது" என்று சொல்லி வீட்டையே விற்று வாங்கியவர்கள் உண்டு.

பாடலிநகர்:

நான் வங்கியில் வேலை செய்கிறேன். இறந்தவர் கணக்குப் பணத்துக்காக வரும் பிரமாணப் பத்திரங்களைத் தினமும் பார்ப்பவள் என்பதால் கையோடு சில விஷயங்கள் சொல்கிறேன்.

முதலில் நான் தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்ப்பேன். பத்திரத்தாள் வாங்கிய தேதி, யார் பெயரில் வாங்கியது, வரிசை எண், விற்றவரின் உரிம எண், கையெழுத்து எல்லாம் அங்கேதான் இருக்கும். சென்ற வருடம் ஒரு பத்திரம் வந்தது. முன்பக்கம் நோட்டரி தேதி மாதத்தின் 3. பின்பக்கம் தாள் வாங்கிய தேதி அதே மாதம் 11. தாளே இன்னும் கடையில் இருந்தபோது அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்! கொண்டுவந்த அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. இடைத்தரகர் ஒருவர் பணம் வாங்கிக்கொண்டு முன்தேதி போட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறார். அந்த அம்மா மறுபடியும் அலைய வேண்டியதாயிற்று. எனக்கு அன்று முழுவதும் மனசு சரியில்லை.

அடுத்தது, எல்லாப் பக்கத்திலும் கையெழுத்து இருக்கிறதா, கடைசிப் பக்கத்தில் மட்டுமா என்று பாருங்கள். நடுப்பக்கத்தை மாற்றிச் சொருகுவது சுலபம். எழுத்துரு மாறுகிறதா, வரி இடைவெளி மாறுகிறதா, அடித்துத் திருத்திய இடத்தில் சுருக்கொப்பம் இருக்கிறதா என்று பார்க்கலாம். முத்திரை கையெழுத்தின் மேல் படிந்திருக்கிறதா என்றும் கவனியுங்கள். ஜெராக்ஸில் இதில் பாதி தெரியாது. அசலைக் கேளுங்கள். காட்ட மறுத்தால் அதுவே பதில்.

நெல்லிக்குப்பம்_ரோடு:

பத்திரம் எழுதுவது என் தொழில். இவ்வளவு நேரம் முத்திரையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். முத்திரை நூற்றுக்கு நூறு உண்மையாக இருந்தாலும் அந்தப் பவரை வைத்து ரெட்டிச்சாவடி மனையை அவர் உங்களுக்குக் கிரயம் செய்து கொடுக்க முடியாது.

தமிழ்நாட்டில் 2012 திருத்தத்துக்குப் பிறகு அசையாச் சொத்து பற்றிய பொது அதிகாரப் பத்திரம் கட்டாயம் பதிவு செய்யப்பட வேண்டும். கிரய ஒப்பந்தமும் அப்படித்தான். இந்தியாவில் இருந்துகொண்டு எழுதிக் கொடுப்பவர் சார்பதிவாளர் முன்னால் வந்து எழுதிக் கொடுக்க வேண்டும். வெளிநாட்டில் இருப்பவருக்கு மட்டும் 1908ஆம் வருடப் பதிவுச் சட்டத்தின் 33ஆம் பிரிவு வேறு வழி வைத்திருக்கிறது. அந்த நாட்டு நோட்டரி, நீதிமன்றம் அல்லது நம் தூதரக அதிகாரி முன் கையெழுத்துப் போட்டு அனுப்பலாம். இங்கே வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். நாங்கள் அதை அட்ஜுடிகேஷன் என்போம்.

உங்கள் ஆள் வைத்திருப்பது எந்த வகையிலும் சேரவில்லை. உரிமையாளர் சிங்கப்பூரில்; கையெழுத்து கடலூரில்; முத்திரை பாண்டியில்; பதிவு எங்குமே இல்லை. இதை எடுத்துக்கொண்டு சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போனால் டோக்கன் வரிசை வரைகூடப் போகாது. முறையாகப் பதிவான பவராக இருந்தால்கூட, எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்று ஆயுள் சான்று கேட்பார்கள்.

இதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். "கிரயம் வேண்டாம், பவர் எழுதி முழுப் பணத்தையும் வாங்கிக்கொள்கிறேன், சொத்து உங்களுடையது" என்று சொல்லும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். 2011இல் சூரஜ் லாம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: பவர் மூலம் உரிமை மாறாது, பதிவு செய்த கிரயப் பத்திரம் மூலம்தான் மாறும்.

அந்த மனை மேல் பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தீர்களா? பதிவுத் துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். பதிவான பவர் இருந்தால் அதில் வரும்.

கெடிலக்கரை:

எல்லோருக்கும் நன்றி. வில்லங்கம் போட்டேன். 2009இல் உரிமையாளர் வாங்கிய கிரயம் மட்டும் வருகிறது. பவர் எதுவும் இல்லை.

அசல் கேட்டேன். முதலில் "வீட்டில் பீரோவில் இருக்கிறது, சாவி மனைவியிடம்" என்றார். பிறகு நேற்று மாலை ரெட்டிச்சாவடி டீக்கடையில் கொண்டுவந்து காட்டினார். என் மகளுடைய ஜியாமெட்ரி பாக்ஸ் ஸ்கேலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போயிருந்தேன். அவர் டீ சொல்லத் திரும்பியபோது முத்திரை மேல் வைத்துப் பார்த்தேன். நான்கு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஐந்தைத் தொடவில்லை. வட்டத்துக்குள் பெயரும் 'அட்வகேட் அண்ட் நோட்டரி' என்பதும் 'புதுச்சேரி' என்பதும் இருக்கின்றன. எந்த அரசு நியமித்தது என்று எங்கும் இல்லை.

பாடலிநகர் அக்கா சொன்னபடி தாளைத் திருப்பிப் பார்த்தேன். தாள் அந்தப் பெரியப்பா மகன் பெயரில் வாங்கியிருக்கிறது. தேதி சரியாக இருக்கிறது. முதல் இரண்டு பக்கத்தில் உரிமையாளர் கையெழுத்தின் கீழ்க்கோடு இடமிருந்து வலமாக இழுத்திருக்கிறது. மூன்றாம் பக்கத்தில் கோடே இல்லை. இதை வைத்து ஏதாவது சொல்லலாமா?

மஞ்சக்குப்பம்_குமாஸ்தா:

கோட்டை வைத்து நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். ஒரே மனிதர் மூன்று விதமாகக் கையெழுத்துப் போடுவார். முத்திரை அளவை மட்டும் வைத்தும் முடிவு கட்டாதீர்கள், உண்மையான நோட்டரிகளிலும் ரப்பர் ஸ்டாம்ப் கடையில் கொஞ்சம் சிறிதாகச் செய்து வாங்கியவர்கள் இருக்கலாம். ஆனால் நியமித்த அரசின் பெயர் இல்லை என்பது பெரிய குறை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி நீங்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான், அதை நேரில்தான் செய்ய முடியும். ஒவ்வொரு நோட்டரியும் ஒரு பதிவேடு வைத்திருக்க வேண்டும். விதிகளில் 15ஆம் படிவம் என்பார்கள். வரிசை எண், தேதி, என்ன பத்திரம், எழுதிக் கொடுத்தவர் பெயர், முகவரி, வாங்கிய கட்டணம், ரசீது எண், கடைசியில் அந்த ஆளின் கையெழுத்து. உங்கள் பத்திரத்தில் இருக்கும் வரிசை எண் அந்தப் பதிவேட்டில் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு நல்ல ஜெராக்ஸை எடுத்துக்கொண்டு அவர் ஆபீஸுக்கே போங்கள். ஆனால் பத்திரத்தில் இருக்கும் கைபேசி எண்ணுக்குப் போன் செய்து போகாதீர்கள். போலி செய்தவர் போன் எண்ணையும் போலியாகத்தான் போட்டிருப்பார். பாண்டி கோர்ட்டில் விசாரித்து ஆபீஸைக் கண்டுபிடியுங்கள்.

மரியாதையாகக் கேளுங்கள். "உங்கள் பெயரில் இப்படி ஒரு காகிதம் வந்திருக்கிறது, நீங்கள் போட்டதுதானா" என்று கேட்டால் எந்த நேர்மையான நோட்டரியும் முகம் சுளிக்க மாட்டார். அவருடைய பெயரும் அல்லவா அதில் இருக்கிறது.

வைசியாள்_வீதி:

பாண்டியிலிருந்து எழுதுகிறேன். பட்டியல் பற்றி: மத்திய, மாநில அரசுகள் ஒவ்வொரு வருடமும் ஜனவரியில் அந்த வருடத் தொடக்கத்தில் தொழிலில் இருக்கும் நோட்டரிகளின் பட்டியலை அரசிதழில் வெளியிட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. புதுச்சேரி அரசு நியமித்தவர்களுக்கு இங்குள்ள சட்டத் துறையில் கேட்கலாம். மத்திய அரசு நியமித்தவர்களுக்கு டெல்லி சட்ட விவகாரத் துறையின் இணையதளம் இருக்கிறது. 2024இல் தனியாக ஒரு நோட்டரி இணையதளமும் தொடங்கினார்கள். வக்கீல்தானா என்று பார்க்க வேண்டுமென்றால் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி வழக்கறிஞர் மன்றத்தில் பதிவு எண்ணை வைத்து விசாரிக்கலாம்.

பேச்சோடு பேச்சாக எங்கள் ஊர் விஷயம் ஒன்று. பாண்டியில் 'நோட்டரி' என்ற சொல்லுக்கு மக்கள் மனதில் இருக்கும் எடை வேறு. என் தாத்தா வீட்டுப் பெட்டியில் பிரெஞ்சுக்காரர் காலத்துக் கிரயப் பத்திரம் இருக்கிறது. கெட்டியான தாள், சாய்ந்த கையெழுத்து, ஓரத்தில் ஊதா மை. அதை எழுதியவர் 'நோத்தேர்'. பிரெஞ்சு முறையில் அவர்தான் பத்திரத்தைத் தயாரிப்பார், இரு தரப்பையும் உட்கார வைத்துப் படித்துக் காட்டுவார், அசலைத் தன்னிடமே வைத்துக்கொள்வார், நகலைத்தான் கொடுப்பார். அந்தப் பத்திரமே ஆதாரம். பாட்டி சாகும் வரை "நோத்தேர் போட்ட காகிதம், அதை யாரும் அசைக்க முடியாது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நம்பிக்கை அந்த முறைக்குச் சரி. இன்றைய இந்திய நோட்டரி அந்த நோத்தேர் இல்லை. அவர் சொத்துரிமையை ஆராய்வதில்லை, அசலையும் வைத்துக்கொள்வதில்லை. ஒரே மாதிரிப் பெயர் என்பதால் பாண்டி முத்திரை என்றவுடன் கடலூர்ப் பக்கத்து ஆட்களும் கூடுதலாக நம்பிவிடுகிறார்கள். இதை நான் எங்கள் சொந்தக்காரர்களிடமே பலமுறை சொல்லியிருக்கிறேன்.

பிரான்சில் இருக்கும் உறவினர்கள் இன்றும் அங்குள்ள நோத்தேர் முன் அதிகாரப் பத்திரம் எழுதி, அப்போஸ்தில் (அதில் உள்ள கையெழுத்தும் முத்திரையும் உண்மை என்று அந்த நாடு தரும் சான்று) வாங்கி அனுப்புகிறார்கள். இந்தியா அப்போஸ்தில் உடன்படிக்கையில் 2005 முதல் இருக்கிறது. அப்படி வரும் காகிதத்தில் இணைத்திருக்கும் அப்போஸ்தில் எண்ணை வைத்துக் கொடுத்த நாட்டிடமே சரிபார்க்கலாம்.

தேக்கா:

சிங்கப்பூரில் இருக்கிறேன், சொந்த ஊர் பண்ருட்டி. உரிமையாளர் இங்கே இருந்தால் அவர் பவர் கொடுக்க ஊருக்கே வர வேண்டியதில்லை. இங்குள்ள நோட்டரி பப்ளிக் முன்னால் பாஸ்போர்ட்டோடு போய்க் கையெழுத்துப் போட வேண்டும். அந்த நோட்டரி சான்றிதழைச் சிங்கப்பூர் அகாடமி ஆஃப் லா அங்கீகரிக்கும். சிங்கப்பூர் 2021 செப்டம்பரில் அப்போஸ்தில் உடன்படிக்கைக்குள் வந்துவிட்டதால் அப்போஸ்திலும் அங்கேயே கிடைக்கும். இல்லையென்றால் இந்தியத் தூதரகத்தில் போடலாம். நான் அம்மாவுக்குக் கொடுத்த பவர் அப்படித்தான் போனது.

அண்ணே, இதெல்லாம் இருக்கட்டும். அவருடன் நீங்கள் நேரில் பேசினீர்களா? வாட்ஸாப்பில் ஒரு வீடியோ கால் போதுமே.

கெடிலக்கரை:

எண் கேட்டால் "டூட்டியில் இருப்பான், எடுக்க மாட்டான்" என்கிறார். கிரயப் பத்திர நகல் மனு போட்டிருக்கிறேன், அதில் பழைய முகவரி கிடைக்கும். அங்கே போய் விசாரிக்கப் போகிறேன்.

டவுன்ஷிப்_நெய்வேலி:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் தோழி ஒருத்திக்கு நோட்டரி முன்னால் கல்யாணம் என்று பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் "இது போதும், பதிவு வேண்டாம்" என்கிறார்கள். இதையும் சரிபார்க்க முடியுமா?

மஞ்சக்குப்பம்_குமாஸ்தா:

அம்மா, சரிபார்க்கவே வேண்டாம், அது கல்யாணம் ஆகாது. நோட்டரிக்குக் கல்யாணம் செய்து வைக்கும் அதிகாரமும் இல்லை, விவாகரத்து கொடுக்கும் அதிகாரமும் இல்லை. 2024 அக்டோபரில் மத்திய சட்ட விவகாரத் துறையே இப்படிச் செய்யக் கூடாது என்று நோட்டரிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. உங்கள் தோழியை உடனே முறைப்படி திருமணப் பதிவு செய்யச் சொல்லுங்கள். தள்ளிப் போடுகிறார்கள் என்றால் அவளுடைய பெற்றோருக்குத் தெரியப்படுத்துங்கள். பெண்ணின் வாழ்க்கை இது.

கெடிலக்கரை:

போய்விட்டு வந்தேன். விவரமாக எழுதுகிறேன்.

காலை பத்தரைக்குப் பாண்டி கோர்ட். கேண்டீன் அருகே இருந்த ஒரு பெரியவரிடம் பெயரைச் சொன்னதும் ஆபீஸுக்கு வழி சொல்லிவிட்டார். பத்திரத்தில் போட்டிருந்த முகவரி இது இல்லை. தெருவே வேறு.

ஆபீஸ் சின்னதுதான். வாசலில் கட்டணப் பட்டியல் ஒட்டியிருந்தது. உள்ளே சுவரில் அவருடைய சான்றிதழ், பிரேம் போட்டு மாட்டியிருந்தது. புதுச்சேரி அரசு, பதிவு எண், செல்லும் காலம் எல்லாம் இருந்தன. எங்கள் பத்திரத் தேதி அந்தக் காலத்துக்குள்தான் வருகிறது. ஆக, குமாஸ்தா ஐயாவின் முதல் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. அவர் நோட்டரிதான்.

ஜெராக்ஸைக் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தாளை முகத்துக்குப் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. பிறகு அலமாரியிலிருந்து நீளமான காலிகோ அட்டை போட்ட பதிவேட்டை எடுத்து, அந்தத் தேதிப் பக்கத்தைத் திருப்பினார். மற்றவர்கள் விவரம் தெரியாதபடி இரண்டு வெள்ளைத் தாளை மேலும் கீழும் வைத்து மறைத்து, ஒரே ஒரு வரியை மட்டும் எனக்குக் காட்டினார். எங்கள் பத்திரத்தில் உள்ள அதே வரிசை எண். அந்த வரியில் இருப்பது ஒரு வாடகை ஒப்பந்தம். தேதியும் நான்கு நாள் தள்ளி. எங்கள் உரிமையாளர் பெயர் அந்த வாரத்திலேயே இல்லை என்று அவரே முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துச் சொன்னார்.

அப்புறம் தன் முத்திரையை எடுத்து ஒரு வெற்றுத் தாளில் அழுத்திப் பக்கத்தில் வைத்தார். பெரிய வட்டம். மேலே அரசின் பெயர், நடுவில் அவருடைய பெயர், கீழே எல்லை. பக்கத்தில் எங்கள் ஜெராக்ஸ். பெயரில் இன்ஷியல்கூட ஒரு எழுத்து மாறியிருந்தது. அவ்வளவு நாள் அதை நான் கவனிக்கவே இல்லை. முத்திரை அழுத்திய தாளை உடனே கிழித்துப் போட்டுவிட்டார். அவருக்குக் கை நடுங்கியது. "இருபது வருடமாகச் சம்பாதித்த பேர் தம்பி" என்று மட்டும் சொன்னார்.

உரிமையாளரையும் பிடித்துவிட்டேன். பழைய முகவரியில் அவருடைய அத்தை இருக்கிறார், அவர் மூலமாக எண் கிடைத்தது. நேற்றிரவு வீடியோவில் பேசினோம். இரண்டு வருடமாக ஊருக்கே வரவில்லையாம். மனையில் முள்செடி வெட்டி வேலி போடச் சொல்லி அண்ணனுக்கு வெள்ளைத் தாளில் ஒரு கடிதம் எழுதி அனுப்பியிருக்கிறார். அதுதான் அவர் கொடுத்த ஒரே காகிதம். என்னிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே அழுதுவிட்டார். சின்ன வயதில் பெரியப்பா வீட்டில்தான் வளர்ந்தாராம்.

முன்பணம் கொடுக்கவில்லை. என் மனைவி நேற்றுத்தான் நிம்மதியாகத் தூங்கினாள்.

துறைமுகத்தான்:

படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஐயா, நான் முதலில் எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். என் வாடகை ஒப்பந்தத்தையே இப்போது எடுத்துப் பார்த்தேன். நோட்டரி முத்திரையில் சான்றிதழ் முடியும் வருடம் இருக்கிறது. ஒப்பந்தத் தேதிக்கு முந்தைய வருடம். வீட்டுக்காரரிடம் சொல்லி வேறு எழுத ஏற்பாடு செய்கிறேன்.

நெல்லிக்குப்பம்_ரோடு:

புதுப்பித்துவிட்டு ஸ்டாம்பை மட்டும் மாற்றாமல் இருந்திருக்கவும் வாய்ப்பு உண்டு, முதலில் அவரிடமே கேளுங்கள். எப்படியும் பதினோரு மாதத்துக்கு மேற்பட்ட வாடகை என்றால் பதிவைப் பற்றியும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பாடலிநகர்:

கெடிலக்கரை, உங்களைப் போல எல்லோருக்கும் ஒருநாள் லீவு போட்டுப் பாண்டிக்குப் போக முடியாது. வயதானவர்கள், வெளியூரில் இருப்பவர்கள் என்ன செய்வது ஐயா?

மஞ்சக்குப்பம்_குமாஸ்தா:

நியமித்த அரசின் சட்டத் துறைக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடலாம். இன்ன பெயர், இன்ன பதிவு எண் உள்ளவர் இன்ன தேதியில் நோட்டரியாக இருந்தாரா, எந்த எல்லைக்கு, சான்றிதழ் எதுவரை என்று நேராகக் கேளுங்கள். கட்டணம் பத்து ரூபாய். தமிழ்நாட்டில் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். தபாலில் அனுப்பலாம். பதிவேட்டு வரியைப் பார்க்க மட்டும் நம்பிக்கையான ஒருவரை நேரில் அனுப்புங்கள். அதற்கு மாற்று இல்லை.

நோட்டரியே தப்புச் செய்திருந்தால், அதாவது ஆள் வராமல் முத்திரை போட்டிருந்தால், விதிகளின் 13ஆம் படிவத்தில் நியமித்த அரசுக்குப் புகார் எழுதலாம். விசாரித்துப் பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கும் அதிகாரம் அரசுக்கு உண்டு. கெடிலக்கரை விஷயத்தில் நோட்டரியும் பாதிக்கப்பட்டவர். அது போலீஸ் புகார்.

கெடிலக்கரை:

இன்று உரிமையாளர் மின்னஞ்சலில் புகார் அனுப்பியிருக்கிறார், கடலூர் நில அபகரிப்புத் தடுப்புப் பிரிவுக்கு. பாண்டி நோட்டரி தனியாகக் கொடுத்திருக்கிறார். என் ஜெராக்ஸையும், டீக்கடையில் எடுத்த இரண்டு போட்டோவையும் கொடுத்துவிட்டேன்.

மனையை விற்பதில் உரிமையாளருக்கு எண்ணம் இருக்கிறதாம், ஆனால் அண்ணன் சொன்ன விலைக்கு இல்லை. பொங்கலுக்கு வருகிறார். வந்தால் சார்பதிவாளர் முன்னால் அவரே கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். நெல்லிக்குப்பம் ரோடு அண்ணே, அன்றைக்குப் பத்திரம் நீங்கள்தான் எழுதித் தர வேண்டும். உங்கள் எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள்.